நீரிழிவு: பெற்றோர் தருவது நோயா, எச்சரிக்கையா?

தாம்பரத்துக்கு அடுத்துள்ள ரயில் நிலையத்துக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர் அமைந்ததற்குக் காரணம், 1928-இல் டாக்டர் சவுரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. கிருமியால் வருவது காசநோய் என்று 1882-இல் ராபர்ட் கோச் நிறுவும்வரை, அதைக் குடும்ப வழியாக இறங்கும் நோய் என்றே மருத்துவர்கள் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை பொய்த்த பிறகும், காசநோய் கண்ட வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கிய தலைமுறைகள் உண்டு.

இன்று தென்சென்னைப் புறநகரின் குடும்பப் பேச்சில் அந்த இடத்தை நீரிழிவு பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நோயில் பரம்பரைக்குப் பங்கு இருப்பது உண்மை. ஆனால், எந்த வகை நீரிழிவில், எவ்வளவு பங்கு என்பதில் நமது புரிதல் தலைகீழாக உள்ளது. பரம்பரைத் தொடர்பு குறைவாக உள்ள வகையைக் கண்டு அஞ்சுகிறோம். தொடர்பு மிகுதியாக உள்ள வகையை 'யாருக்குத்தான் இல்லை' என்று சாதாரணமாகக் கடந்து போகிறோம். இந்தத் தலைகீழ்ப் புரிதலுக்கு விலை கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள்.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். மேலும் 13.6 கோடி பேர் நீரிழிவின் முன்நிலையில் இருக்கின்றனர். நாட்டின் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டிலோ 14.4 சதவீதம். அதாவது, ஏழு பேரில் ஒருவர். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, அவர்களின் துணைவர்கள் என ஒரு குடும்பம் பொங்கலுக்குக் கூடினால், அதில் ஒருவருக்காவது நீரிழிவு இருக்க வாய்ப்புண்டு என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

நீரிழிவு என்பது ஒரே நோயன்று. இரத்தத்தில் சர்க்கரை கூடுதல் என்னும் ஒரே விளைவைத் தரும் பல நோய்களின் பொதுப்பெயர். வகையை அறியாமல் வாரிசுரிமையைப் பேச முடியாது.

'டைப் 1' எனப்படும் முதல் வகையில், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவது இது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், திடீர் எடைக்குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். 1921-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோயினர். இன்றும் இவர்களுக்கு இன்சுலினே உயிர். வேறு எந்த மருத்துவ முறையை நாடினாலும் இன்சுலினை நிறுத்தவே கூடாது.

'டைப் 2' எனப்படும் இரண்டாம் வகையே நம்மிடையே மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது. இதில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைந்து போகிறது. பல ஆண்டுகள் அறிகுறி ஏதுமின்றி இருக்கும் என்பதே இதன் ஆபத்து. கால் புண் ஆறாதபோதோ, கண் பார்வை மங்கும்போதோ முதன்முதலாகத் தெரியவந்தவர்கள் பலர்.

கர்ப்ப காலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்படும் நீரிழிவு மற்றொன்று. சென்னை மருத்துவர் வி. சேஷையாவும் அவரது குழுவினரும் தமிழ்நாட்டில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகளில் நகர்ப்புறத்தில் 17.8 சதவீதத்தினருக்கும், நகரை ஒட்டிய பகுதியில் 13.8 சதவீதத்தினருக்கும், கிராமப்புறத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் இது இருந்தது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் இப்பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு முன்னோடியாக ஏற்றதில் அவரது பங்கு பெரிது.

'மோடி' என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் அரிய வகை ஒன்று உண்டு. ஒற்றை மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம். பெரும்பாலும் 25 வயதுக்குள் தலைகாட்டும். தலைமுறை தவறாமல் தொடரும். இவை தவிர, ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய நீரிழிவை 'டைப் 5' என்ற பெயரில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் ஏற்றுக்கொண்டது. மெலிந்த ஏழை இளைஞர்களிடம் காணப்படும் இவ்வகை குறித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலம் ஆராய்ந்து வந்துள்ளது.

இனி, வாரிசுரிமைக் கணக்குக்கு வருவோம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, முதல் வகை நீரிழிவு உள்ள தந்தையின் குழந்தைக்கு அதே நோய் வரும் வாய்ப்பு 17-இல் 1. தாய்க்கு இருந்து, அவர் 25 வயதுக்கு முன் குழந்தை பெற்றால் 25-இல் 1. அதற்குப் பிறகு பெற்றால் 100-இல் 1 மட்டுமே. ஒன்றுபோல் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு முதல் வகை வந்தாலும், மற்றவருக்கு வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். முதல் வகை கண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோருக்கு அந்நோய் இருந்ததே இல்லை.

இரண்டாம் வகையின் கணக்கு வேறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் 70 சதவீதம் வரை என்பது மருத்துவ நூல்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. நம் மண்ணிலேயே இதற்கு முக்கியமான சான்று உண்டு. இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் எம். விஸ்வநாதன் ராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனையில், அவரும் வி. மோகன், சி. சினேகலதா, ஏ. இராமச்சந்திரன் ஆகியோரும் இணைந்து ஓர் ஆய்வு நடத்தினர். தாய், தந்தை இருவருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைக் குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதித்தனர். 1985-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அப்பிள்ளைகளில் 50 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. மேலும் 12 சதவீதத்தினர் முன்நிலையில் இருந்தனர்.

புள்ளிவிவரம் கற்பித்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. அது மருத்துவமனைக்கு வந்த குடும்பங்களில் எடுத்த கணக்கு. ஊர் முழுவதற்கும் அப்படியே பொருத்தக் கூடாது. எனினும், இரு பக்கமும் நோய் இருந்தால் பிள்ளைகளைக் காத்திருக்கவிடாமல் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை.

'மோடி' வகையில் கணக்கு இன்னும் எளிது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி. இதை அறிவதால் பயனும் உண்டு. முதல் வகை என்று கருதி ஊசி போட்டுக்கொண்டிருக்கும் சிலர், உண்மையில் இவ்வகையினர் என்று மரபணுப் பரிசோதனையில் தெரியவந்து, மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரைக்கு மாற முடிந்திருக்கிறது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நமது திருமணப் பேச்சுகளைப் பார்த்தால் வருத்தமே மிஞ்சும். முதல் வகை நீரிழிவு உள்ள பெண்ணின் குடும்பம் அதை மறைக்கத் துடிக்கிறது. தெரிந்துவிட்டால் வரன் விலகிப் போகிறது. 'பிறக்கும் குழந்தைக்கும் வந்துவிடுமே' என்பதே சொல்லப்படும் காரணம். ஆனால், அக்குழந்தைக்கு வராமல் இருக்கும் வாய்ப்பு 100-க்கு 96 முதல் 99 வரை. அதே வேளையில், தாய் தந்தை இருவருமே பல ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து வரும் மாப்பிள்ளையிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவருக்கு நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

அந்த மாப்பிள்ளையை ஒதுக்க வேண்டும் என்பதன்று எனது வாதம். இருவரையுமே ஒதுக்கக் கூடாது. உடலில் நோய் இருப்பதை மறைத்துச் செய்யும் திருமணத்தில், புகுந்த வீட்டில் இன்சுலினை ஒளித்து வைக்கவும், வேளை தவறிப் போடவும் நேர்கிறது. அது உயிருக்கே ஆபத்து. சொல்லிச் செய்வதும், கேட்டு ஏற்பதும்தான் இரு வீட்டாருக்கும் நல்லது. சரியான கட்டுப்பாட்டோடும் மருத்துவக் கண்காணிப்போடும் முதல் வகை உள்ள பெண்கள் நலமான குழந்தைகளைப் பெறுகின்றனர் என்பது இன்று நடைமுறை உண்மை.

பெற்றோரிடமிருந்து நீரிழிவு வந்து சேரும் வழி ஒன்றல்ல. மூன்று: மரபணு, கருவறை, அடுக்களை.

மரபணுவைப் பொறுத்தவரை, இரண்டாம் வகைக்குக் காரணமான தனி மரபணு என்று ஒன்று இல்லை. நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் சிறிதளவு இடரைக் கூட்டுகின்றன. அவற்றுள் வலுவானதாக 2006-இல் கண்டறியப்பட்ட டிசிஎஃப்7எல்2 கூட, ஒரு பிரதிக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அளவிலேயே இடரை உயர்த்துகிறது. ஆகவே, மரபணு தீர்ப்பு எழுதுவதில்லை. சாய்வை மட்டுமே தருகிறது.

கருவறையின் பங்கை உலகுக்கு எடுத்துரைத்தவர் புணே நகரின் மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக். புணே பகுதிக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால், எடையில் சிறுத்த நம் குழந்தைகளின் உடலில் தசைதான் குறைவு. கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. மெலிந்த தோற்றம், கொழுத்த உட்புறம். 2004-இல் அவரும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடலையே சான்றாக வெளியிட்டனர். இருவரின் உடல்நிறைக் குறியீடும் 22.3 தான்; உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 'நான் ஒல்லிதானே' என்ற நிம்மதி நமக்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே விளக்கம். தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை கூடினாலும், அதன் பாதிப்பு குழந்தையின் பிற்காலம் வரை நீள்கிறது.

மூன்றாவது அடுக்களை. கணவனும் மனைவியும் உறவுமுறையில் மணந்தவர்கள் அல்லர் எனில், அவர்களிடையே பொதுவான மரபணு இல்லை. ஆயினும், ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு சற்றே கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே சாதம், ஒரே சாய்வு நாற்காலி, ஒரே இரவு நேரத் தொலைக்காட்சி. சென்னையில் நடந்த ஆய்வில், நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, தீட்டிய தானியங்களிலிருந்து வருவது தெரிந்தது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தில் இந்தத் தட்டும் அடக்கம்.

இங்கே இன்னொரு தவறான நிம்மதியையும் குறிப்பிட வேண்டும். 'எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது' என்பது அது. தென்சென்னைப் புறநகரில் குடியேறியவர்களில் பலர் தஞ்சை, நெல்லை, இராமநாதபுரம், வட ஆற்காடு எனப் பல மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் பெற்றோர் வயலில் உழைத்தவர்கள். இரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள். அங்கே 'இல்லை' என்பதற்குப் பொருள் 'தெரியாது' என்பதே. அதே சாய்வுள்ள உடலோடு பிள்ளை வந்து, பன்னிரண்டு மணி நேரம் இருக்கையிலும் வாகனத்திலும் கழிக்கும்போது, உழைப்பு மூடி வைத்திருந்தது வெளிப்படுகிறது.

இவற்றையெல்லாம் ஒரே சீட்டில் எண்களாகத் தந்திருக்கிறது, மருத்துவர் மோகன் குழுவினர் சென்னை மக்களிடம் நடத்திய ஆய்விலிருந்து 2005-இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண். ஊசி வேண்டாம், அளவு நாடா போதும். மொத்தம் 100 மதிப்பெண். வயது 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழும், ஆண்களுக்கு 90-க்குக் கீழும் இருந்தால் 0. அதற்கு மேல் 10 செ.மீ. வரை 10, அதையும் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இருந்தால் 0. ஏதேனும் ஒன்று இருந்தால் 20. இரண்டும் இல்லையெனில் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு எனில் 10. இருவருக்கும் எனில் 20. கூட்டுத்தொகை 60-ஐ எட்டினால் இடர் அதிகம். உடனே இரத்தப் பரிசோதனை தேவை. இது நோய் உறுதிச் சான்று அன்று. யார் முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான வழிகாட்டி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நூறில் பெற்றோருக்கு உரியது 20. காலத்துக்கு உரியது 30. மீதி 50 நம் இடுப்பிலும் கால்களிலும் இருக்கிறது. பெற்றோரில் எவருக்கும் நோயில்லாத ஒருவர், 52 வயதில், 102 செ.மீ. இடுப்போடு, உட்கார்ந்தே வாழ்ந்தால் அவரது மதிப்பெண் 80. பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு உள்ள 40 வயதுப் பெண், 78 செ.மீ. இடுப்போடு, உடலுழைப்பும் உடற்பயிற்சியும் உள்ளவராக இருந்தால் அவரது மதிப்பெண் 40. பிறப்பு தந்த பள்ளத்தை வாழ்க்கை மேடாக்கவும் முடியும். மேட்டைப் பள்ளமாக்கவும் முடியும்.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சன்று என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், முன்நிலையில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டுமே பெற்ற பிரிவில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் உடலுழைப்பையும் தொடர்ந்து ஒழுங்குபடுத்திக்கொண்ட பிரிவில் அது 39.3 சதவீதம். ஆறேழு பேர் வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டால் மூன்றாண்டுகளில் ஒருவர் தப்புகிறார். எல்லோரும் தப்புவதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கண்ணும் சிறுநீரகமும் காலும் பறிபோகும் ஒரு நோயில், நடைப்பயிற்சி தரும் இந்த வருவாயைவிடக் குறைந்த முதலீட்டில் அதிக ஆதாயம் தருவதாக வேறொன்றை எனது பொருளியல் எனக்குக் காட்டவில்லை.

ஆகவே, செய்ய வேண்டியவை சில. முதலாவது, ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிந்த அன்றே அதைக் குடும்பச் செய்தியாக்க வேண்டும். உடன்பிறந்தோரும் வளர்ந்த பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் ஆகியவை நீரிழிவின் எல்லைக்கோடுகள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பது முன்நிலை. திரும்பி வரக்கூடிய இடம் அதுதான். அரசின் பரிசோதனைத் திட்டம் 30 வயது நிறைந்தவர்களை அழைக்கிறது. பெற்றோருக்கு நோய் உள்ளவர்கள் அதுவரை காத்திராமல் மருத்துவரைக் கேட்பது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள், பிரசவத்துக்குப் பின் அதை மறந்துவிடக் கூடாது. மற்ற பெண்களைவிட அவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள்களைக் குறித்து வைக்கும் தாய், தனது பரிசோதனை நாளையும் அதே அட்டையில் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நடக்கச் சொல்லும் அரசு, நடக்க இடமும் தர வேண்டும். 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது பாராட்டுக்குரியது. 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. ஆனால், மாவட்டத்துக்கு ஒரு பாதை போதாது. ஜிஎஸ்டி சாலையின் ஓரத்தில் ஒரு முதியவர் அச்சமின்றிப் பத்து நிமிடம் நடக்க முடிய வேண்டும். சிட்லப்பாக்கம் ஏரிக்கரையில் அமைந்த நடைபாதை போன்றது ஒவ்வொரு வார்டுக்கும் எட்டும் தொலைவில் கிடைக்க வேண்டும். 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரத்துக்கு இது மருத்துவச் செலவைக் குறைக்கும் முதலீடு.

தந்தை விட்டுச்சென்ற வீட்டுக்கு வில்லங்கச் சான்று வாங்கிப் பார்க்காதவர் நம்மில் அரிது. அவர் விட்டுச்சென்ற உடலுக்கு அந்தச் சரிபார்ப்பைச் செய்ய ஒரு துளி இரத்தமும் ஓர் அளவு நாடாவும் போதும். நீரிழிவு உள்ள பெற்றோர், தம் பிள்ளைகளிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டிய செய்தி இது: 'எனக்கு இருக்கிறது, உனக்கு வரலாம், வராமலும் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரமே பரிசோதித்துக்கொள்.'

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), தாம்பரம்.